வினைமுற்று யாருடையது?

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்துகிறவர்கள் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். மேடைப் பேச்சாளர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்தக் கடைசிச் சொல் வரும்வரை ஒரு கூட்டத்தை எவ்வளவு நேரம் காக்கவைக்க முடியும் என்பதை ஆயுள் முழுக்கப் பழகினார்கள்.

மாதிரிக்கு ஒரு வாக்கியத்தை நானே கட்டிப் பார்க்கிறேன். எந்தக் கட்சிக்காரரும் எந்த ஆட்சிக்கு எதிராகவும் பேசக்கூடியதுதான். “உழுதவன் வீட்டில் உலை கொதிக்காத, படித்தவன் கையில் வேலை இல்லாத, தாய்மார்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிற, கேட்க நாதியில்லை என்று நினைத்துக்கொண்டு கோட்டையிலே அமர்ந்திருக்கிற இந்த ஆட்சியை...” இங்கே பேச்சாளர் நிறுத்துவார். மைக்கை விட்டு அரையடி பின்வாங்குவார். தோளில் கிடக்கும் துண்டைச் சரிசெய்வார். கீழேயிருந்து “மாற்றுவோம்” என்று வரும். “ஒழிப்போம்” என்றும் வரும். சமயத்தில் அச்சில் ஏற்ற முடியாத வேறொன்றும் வரும். அந்த வினைமுற்றை அவர் சொல்லவேயில்லை. சொன்னது கூட்டம்.

பெயரெச்சத்தின் மேல் பெயரெச்சமாக அடுக்கிக்கொண்டே போகலாம் என்பது தமிழின் வசதி. கொதிக்காத, இல்லாத, அலைகிற, அமர்ந்திருக்கிற. ஒவ்வொரு எச்சமும் முடியாமல் நிற்கிறது. முடியாமல் நிற்பதால்தானே அதற்கு எச்சம் என்று பெயர். கேட்பவனுக்கு அந்தக் குறை உள்ளே உறுத்திக்கொண்டேயிருக்கும். ஆங்கிலத்தில் இதே வேலையை வேறு மாதிரி செய்ய வேண்டும். 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் பிரிட்டிஷ் பொதுச்சபையில் பேசியபோது, போரிடுவோம் என்ற வினையை ஒவ்வொரு முறையும் முதலில் சொல்லிவிட்டு, பிறகு கடற்கரை, வயல், தெரு, குன்று என்று இடங்களை அடுக்கினார். அங்கே செயல் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. எங்கே என்பதுதான் மிச்சம். தமிழ் மேடையில் நிலவரம் எல்லாம் சொல்லப்பட்டிருக்கும். என்ன செய்வது என்பது மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். தொங்குவதை யாராவது பிடிக்கத்தானே வேண்டும்?

கைதட்டல் எங்கே விழுகிறது என்பதை உட்கார்ந்து அளந்தவர்கள் இருக்கிறார்கள். மாக்ஸ் அட்கின்சன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அரசியல் கூட்டங்களின் ஒலிப்பதிவுகளை வினாடிக் கணக்கில் பிரித்துப் பார்த்து 1984இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கூட்டம் பேச்சாளர் முடித்த பிறகு யோசித்துவிட்டுத் தட்டுவதில்லை. முடியப்போகிறது என்று முன்பே தெரிந்துகொண்டு, முடிகிற கணத்திலேயே, சில நேரம் முடிவதற்கு முன்பே தட்டத் தொடங்கிவிடுகிறது. தட்டல் ஏறத்தாழ எட்டு வினாடி நீடிக்கிறது. அதற்குக் குறைந்தால் சப்பென்று இருக்கும். கூடினால் ஏதோ விசேஷம். அவருக்குப் பின் ஜான் ஹெரிட்டேஜ், டேவிட் கிரேட்பேட்ச் என்ற இருவர் 1981இல் பிரிட்டிஷ் கட்சி மாநாடுகளில் நிகழ்ந்த 476 பேச்சுகளை எடுத்துக்கொண்டார்கள். கைதட்டல்களில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் ஏழு வகையான சொல்லமைப்புகளுக்குள் அடங்கிவிட்டது. எதிரெதிராக நிறுத்துவது, மும்மூன்றாக அடுக்குவது, புதிர் போட்டு விடுவிப்பது, இப்படி. நல்ல கருத்துக்குக் கைதட்டுகிறோம் என்று அந்த மாநாடுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். கருத்து ஒரு பக்கம் இருக்கட்டும், எப்போது தட்ட வேண்டும் என்பதை வாக்கியத்தின் கட்டுமானம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. தனியாகத் தட்டி அசடு வழிய யாருக்கும் விருப்பமில்லை. எல்லோரும் ஒரே கணத்தில் தட்டுவதற்கு ஏதோ ஒரு கைகாட்டி தேவைப்படுகிறது.

நம் ஊரில் கைகாட்டிக்குப் பஞ்சமே இல்லை. எதுகையும் மோனையும் செய்யுளிலிருந்து இறங்கி மேடைக்கு வந்தன. “கடமை, கண்ணியம், கட்டுப்பாடு” என்று அண்ணா சொன்னதில் மூன்று இருக்கிறது, மோனையும் இருக்கிறது. கடமைக்கும் கண்ணியத்துக்கும் என்ன உறவு என்று விளக்கத் தேவையில்லை. ககரம் அவற்றை உடன்பிறப்புகளாக்கிவிட்டது.

இன்னொன்று, அண்ணா பேசியதாகத் தலைமுறைகளாக வழங்கி வருவது. இரவு வெகுநேரம் காத்திருந்த கூட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் மிகச் சுருக்கமாகப் பேசினாராம்: மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை, மறக்காமல் இடுங்கள் உதயசூரியனில் முத்திரை. சொல்கிறவருக்குச் சொல்கிறவர் ஒன்றிரண்டு சொல் மாறும். மூன்று ‘திரை’யும் ஒரு ‘தரை’யும் மாறுவதில்லை. (அவர் காலத்தில் தி.மு.க. நின்ற மூன்று பொதுத்தேர்தல்களும் பிப்ரவரி, மார்ச்சில் நடந்தவை. சித்திரை எங்கிருந்து வந்தது? எதுகை இருக்கும்போது பஞ்சாங்கம் எதற்கு!)

வேடிக்கையை ஒதுக்கிவிட்டு அதன் அமைப்பைப் பாருங்கள். முதல் மூன்றும் மறுக்க முடியாத தகவல்கள். மாதம் சித்திரை, ஆமாம். மணி பத்தரை, ஆமாம். தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது, ஆமாம். மூன்று முறை தலையாட்டிவிட்டோம். நான்காவது தகவல் அல்ல, கோரிக்கை. ஆனால் அது முன் மூன்றின் உடையையே போட்டுக்கொண்டு வருகிறது. ஓட்டுப் போடுவதற்கு அதில் ஒரு காரணமும் சொல்லப்படவில்லை. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் எதுகை உட்கார்ந்திருக்கிறது, நமக்குக் குறை தெரியவில்லை.

இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேத்யூ மெக்லோன், ஜெசிக்கா தோஃபிபக்‌ஷ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளுள்ள பழமொழி போன்ற வரிகளை ஓசை இயைபோடு ஒரு முறையும் இயைபை எடுத்துவிட்டு இன்னொரு முறையும் கொடுத்தார்கள். இயைபுள்ளதை மக்கள் கூடுதல் உண்மையாக மதிப்பிட்டார்கள். ஓசை வேறு, பொருள் வேறு என்று முன்கூட்டியே எச்சரித்தபோது அந்த மயக்கம் குறைந்தது. அந்த எச்சரிக்கையைக் கொடுப்பதற்கு மேடையில் ஆள் கிடையாது. 2014 மக்களவைத் தேர்தலில் ஜெயலலிதா “மோடியா, லேடியா” என்று கேட்டது நினைவிருக்கும். இரண்டுமே தமிழ்ச் சொல் இல்லை. இரண்டுக்கும் இடையே எதுகை மட்டும் சுத்தத் தமிழ். களத்தில் அப்போது வேறு கட்சிகளும் நின்றன. எதுகை இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது, ஆகவே போட்டியும் இரண்டு பேருக்குள் ஆகிவிட்டது. அதே பிரசாரத்தில்தான் அவர் ஊருக்கு ஊர் “செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?” என்று கேட்டார். கூட்டம் “செய்வோம்” என்றது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 அவர் கட்சிக்குப் போனது. எச்சத்தில் நிறுத்துகிற பழைய கலையைக்கூட அவர் சுருக்கிவிட்டார். முன்னே வர வேண்டிய அடுக்குகள் ஏதுமில்லாமல் வினைமுற்றை மட்டும் கேட்டு வாங்கினார்.

“செய்வோம்” என்ற அந்தச் சொல்லிடம் கொஞ்சம் நிற்க வேண்டும்.

தன்னையும் கேட்பவனையும் சேர்த்துச் சொல்ல நமக்கு ‘நாம்’ இருக்கிறது. கேட்பவனை வெளியே நிறுத்திச் சொல்ல ‘நாங்கள்’. இதில் குழந்தைகூடத் தடுமாறாது. “நாங்கள் கல்யாணத்துக்குப் போகிறோம்” என்றால் உனக்கு அழைப்பில்லை. ஆனால் வினைமுற்றின் விகுதியில் இந்த வேறுபாடு கிடையாது. நாம் வென்றோம், நாங்கள் வென்றோம், இரண்டுக்கும் ஒரே ‘ஓம்’. எழுவாயைச் சொல்லாமல் விடுவதும் தமிழுக்கு இயல்பு. அப்படியானால் மேடையில் ஒருவர் “வென்றோம்” என்று மட்டும் சொன்னால் யார் வென்றது? கட்சியா, கூட்டமா, தமிழினமா, மேடையில் நாற்காலி கிடைத்த பன்னிரண்டு பேரா? கேட்கிற ஒவ்வொருவனும் தனக்குப் பிடித்த எழுவாயை அதில் பொருத்திக்கொள்கிறான். யாரும் பொய் சொல்லவில்லை.

ஒரு மாலைப் பேச்சை எடுத்துக்கொண்டு, எழுவாய் வெளிப்படையாக வருகிற இடங்களை மட்டும் குறித்துப் பாருங்கள். கொடுத்த கணக்கில் ‘நாங்கள்’ வரும்: நாங்கள் சாலை போட்டோம், நாங்கள் கடனைத் தள்ளுபடி செய்தோம். துன்பக் கணக்கில் ‘நாம்’ வரும்: நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும், நாம் ஏமாற்றப்பட்டோம். புகழ் என்றால் கேட்பவன் வெளியே. சுமை என்றால் உள்ளே. எதிர்காலம் வந்ததும் எழுவாய் மறைந்து ‘ஓம்’ மட்டும் மிஞ்சும். மீட்போம், வெல்வோம், செய்வோம். அதிலும் ஒரு மடிப்பு இருக்கிறது. “செய்வோம்” என்பது வாக்குறுதியாகவும் இருக்கலாம், “வா, சேர்ந்து செய்யலாம்” என்ற அழைப்பாகவும் இருக்கலாம். ஓட்டுக் கேட்கும்போது அது வாக்குறுதி. ஐந்து வருஷம் கழித்து ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் அது அழைப்பாகிவிடும்: நீங்கள் எங்கே வந்தீர்கள்?

உறவுச் சொற்கள் இந்த ‘ஓம்’மைப் பூசி மெழுகுகின்றன. அண்ணா தன் ஏட்டில் ‘தம்பி’க்குக் கடிதம் எழுதினார். கருணாநிதி முரசொலியில் ‘உடன்பிறப்பே’ என்று எழுதினார்; மேடையில் அவர் “என் உயிரினும் மேலான” என்று தொடங்கியதுமே எழும் இரைச்சலில் மீதி வார்த்தைகள் கேட்காது. எம்.ஜி.ஆருக்குத் தொண்டர்கள் ‘ரத்தத்தின் ரத்தம்’. ஜெயலலிதா எல்லோருக்கும் ‘அம்மா’. இதை வெறும் பாசாங்கு என்று எழுதிய ஆங்கிலப் பத்திரிகைக்காரர்களுக்கு நம் தெரு தெரியாது. முன்பின் அறியாதவரை அண்ணன், அக்கா, பெரியம்மா என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். பேருந்து நடத்துனரிடம்கூட உறவு சொல்லித்தான் சில்லறை கேட்கிறோம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குடும்பத்துக்குள் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை. தலைவரை அண்ணன் என்று ஏற்றுக்கொண்டவன் அண்ணனிடம் ரசீது கேட்க மாட்டான்.

தோல்வியைச் சொல்லும்போது இலக்கணம் இன்னொரு பக்கம் சாய்கிறது. ஏறு, ஏற்று, மாறு, மாற்று, ஓடு, ஓட்டு. தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவே பல நேரம் ஒரு மெய்யெழுத்துதான். ஆளுங்கட்சி பேசினால் விலைவாசி தானாக ஏறும். எதிர்க்கட்சி பேசினால் அதை யாரோ ஏற்றுவார்கள். தேர்தல் முடிந்து இரண்டு கட்சியும் சபையில் இடம் மாறி உட்கார்ந்ததும் வினைச்சொல்லையும் மாற்றிக்கொள்வார்கள். பேருந்துக் கட்டண உயர்வின் போதெல்லாம் இதைக் கேட்கலாம். நகைப்புக்குரியதாக இருப்பது இதுவரைக்கும்தான். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறை சுட்டு 13 பேர் இறந்தார்கள். இத்தகைய நாட்களில் அரசாங்க மொழியில் என்ன வரும் என்பது நமக்குப் பாடம். துப்பாக்கிச் சூடு ‘நடந்தது’. உயிரிழப்பு ‘ஏற்பட்டது’. விரும்பத்தகாத சம்பவம், அசம்பாவிதம். மழை பெய்ததைச் சொல்கிற வாக்கியம் மாதிரியே இருக்கும். விரல் இல்லாமல் விசை அழுந்தியிருக்கும். உத்தரவு ‘பிறப்பிக்கப்பட்டிருக்கும்’, பிறப்பித்தவர் இருக்க மாட்டார். வெற்றியில் ஓயாமல் ஒலிக்கிற ‘ஓம்’ ரத்தம் சிந்திய இடத்தில் ஒரு முறைகூடக் கேட்காது. “சுட்டோம்” என்று எந்த ஆட்சி, எந்தக் கட்சி சொல்லியிருக்கிறது?

இதுவரை எழுதியதைப் படிக்கிறவர், அலங்காரமில்லாத பேச்சுதான் நேர்மையானது என்ற முடிவுக்கு வரக்கூடும். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. பெரியார் அடுக்குமொழி பேசியவரில்லை. மணிக்கணக்கில், பேச்சுத்தமிழில், சந்தையில் பக்கத்துக் கடைக்காரரோடு வழக்காடுவது போலப் பேசினார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் பேசிய கடைசிப் பேச்சுவரை அதுதான் நடை. ஐந்தே நாளில் அவர் மறைந்தார். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அவர் ஓயாமல் சொன்னது. நம்பாதே என்று சொல்கிறவரை நம்பாமல் இருப்பது எவ்வளவு கடினம்! நேர்மை என்பதாலேயே அது இணங்கவைப்பதில் குறைந்துவிடவில்லை, கூடித்தான் போனது. காமராஜர் கதையும் அதுதான். “ஆகட்டும், பார்க்கலாம்” என்ற இரண்டு சொல் ஒரு காலத்தில் ஆயிரம் அடுக்குமொழிக்கு ஈடு கொடுத்தது. அதே சுருக்கம் அவரைக் கவிழ்க்கவும் செய்தது. 1967 தேர்தலின்போது விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தவர், படுத்துக்கொண்டே ஜெயிப்பேன் என்றதாக ஒரு வாக்கியம் ஊரெல்லாம் சுற்றியது. விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். அந்த வாக்கியத்தில் எதுகை இல்லை, எச்சம் இல்லை. தன்மை ஒருமை வினைமுற்று தெளிவாக இருந்தது. அதைப் பேசியவரே முழுதாகச் சொல்லி முடித்துவிட்டார். கூட்டத்துக்கு அதில் சேர்க்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. தோல்விக்கு அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் காரணங்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஊர் நினைவு வைத்துக்கொண்டது அந்த வாக்கியத்தை.

வேறொரு கேள்வியை நான் வெகுநாள் தள்ளிப்போட்டிருக்கிறேன். இந்த மயக்கு வேலைகள் எல்லாம் இல்லாத ஒரு காலம் நமக்கு இருந்ததா? இருந்தது என்றால், அப்போது நிலைமை மேலாக இருந்ததா?

திருக்குறளில் சொல்வன்மைக்குத் தனி அதிகாரம் உண்டு, 65ஆவது. அது அமைச்சரின் இலக்கணத்தைச் சொல்லும் பகுதியில் இருக்கிறது. அவையறிதலும் அவையஞ்சாமையும் அதே வரிசையில் 72, 73. அங்கே பேசுகிறவன் கற்றறிந்தவன். இணங்கவைக்க வேண்டியது மன்னனை, சான்றோர் கூடிய அவையை. வயலில் நின்றவனிடம் யாரும் எதற்கும் சம்மதம் கேட்கவில்லை. கேட்காத சம்மதத்துக்குச் சொல்வன்மை எதற்கு? அவனுக்கு வந்து சேர்ந்தது கட்டளை. பறையறைந்து சொன்னார்கள், கேட்டுக்கொண்டான்.

தமிழில் ஒரு பெரிய கூட்டத்தை நேராக விளித்து, விளங்கும் உரைநடையில், இணங்கவைப்பதற்காகப் பேசுவது மிக அண்மைக் காலத்துப் பழக்கம். பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் மதுரைக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டு, திராவிட இயக்கத்தின் மேடைத்தமிழைப் பற்றி 2009இல் ஒரு நூல் எழுதினார். பழந்தமிழ் போல ஒலிக்கும் அந்த நடை இருபதாம் நூற்றாண்டின் புது வார்ப்பு என்று காட்டினார். அதன் வேரைத் தேடிக்கொண்டு அவர் பின்னோக்கிப் போனபோது பாதிரிமார்களின் பிரசங்கத்தில் போய் நின்றார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். அவர்கள் கருவியை எடுத்து அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். இருந்தும் அரசியல் மேடை பிறக்க இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று. 1907இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசிப் பெருங்கூட்டத்தை எழுப்பினார்; பேசியது ஆங்கிலத்தில்.

மறு வருஷம் தூத்துக்குடிக் கடற்கரையில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் தமிழில் பேசினார்கள். கேட்டவர்களில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பிப்ரவரி கடைசியில் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த வாரமே இருவரும் கைதானார்கள். போலீஸ் எழுதிவைத்த பேச்சுக் குறிப்புகள் நீதிமன்றத்தில் சாட்சியமாயின. தமிழ் அரசியல் பேச்சைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் பார்த்த முதல் ஆட்கள் மொழியியலாளர்கள் அல்லர். ராஜத்துரோக வழக்கை நடத்திய அரசுத் தரப்பினர். நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தார். வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை. அதில் ஒன்று சிவாவின் பேச்சுக்கு உடந்தையாக இருந்ததற்கு. ஒரு மனிதனின் பேச்சுக்குத் துணை நின்றதற்கு ஆயுள் முழுக்கக் கடல் கடத்த வேண்டும் என்று ஒரு பேரரசுக்குத் தோன்றியிருக்கிறது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, அது வேறு கதை.

பேரரசு எதைக் கண்டு பயந்தது? ஆலைத் தொழிலாளி அதற்கு முன்பு தன் சாதியைச் சொல்ல ‘நாங்கள்’ என்றிருப்பான், தன் தெருவைச் சொல்ல ‘நாங்கள்’ என்றிருப்பான். வக்கீலும் அவனும் ஒரே ‘நாம்’முக்குள் வருகிற வாக்கியம் ஒன்றை அவன் எங்கே கேட்டிருக்கப் போகிறான்? கடற்கரையில் அதைக் கேட்டான். எழுவாய் யார் என்று தெளிவில்லாத அந்த ‘ஓம்’ அவனுக்கும் இடம் கொடுத்தது. அப்படி ஒரு ‘நாம்’ அன்று உண்மையில் இருந்ததா என்றால் இல்லை. பேச்சுதான் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டது. கேட்டவர்கள் வேலையை நிறுத்தி அதை உண்மையாக்கினார்கள். ஏமாற்றுகிற ‘ஓம்’மும் எழுப்புகிற ‘ஓம்’மும் இலக்கணத்தில் ஒன்றுதான். எந்த ஆய்வுக் கருவியாலும் வாக்கியத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது என்று இப்போது நினைக்கிறேன். ஓசையை எண்ணலாம், அடுக்கை எண்ணலாம், கைதட்டலை வினாடிக் கணக்கில் அளக்கலாம். மேடையில் விட்டுப்போன வினைமுற்றைக் கூட்டம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு அதை என்ன செய்தது என்பது ஒலிப்பதிவில் இருக்காது. பேசியவருடைய நேர்மையும் அதைத் தீர்மானிப்பதில்லை. நேர்மையானவர்கள் பேசி ஒன்றுமாகாமல் போன ‘நாம்’கள் ஏராளம். ஓட்டுக்காக மட்டும் சொன்ன சொல்லைக் கேட்டவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டதால் அது உண்மையாகிப் போனதும் உண்டு.

1967இல் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. அதையொட்டி வந்த முழக்கம்: “மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்.” இதில் வினைச்சொல்லே கிடையாது. யார் போடுவது, எப்போது போடுவது, ஒன்றும் இல்லை. இரண்டு பெயர்ப் பயனிலையும் கடைசியில் ஓர் இயைபும். தப்பித்துக்கொள்ள இதைவிட வசதியான வாக்கியத்தை இலக்கணம் தர முடியாது. ஆட்சிக்கு வந்த அண்ணா சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார். லட்சியம் என்ற சொல் மக்கள் நினைவில் தங்கவில்லை. மூன்று என்ற எண் தங்கிவிட்டது. எதிர்க்கட்சிகள் அதைச் சொல்லியே குத்தின. 1969 பிப்ரவரியில் அண்ணா மறைந்தார். அதற்குப் பிறகு வந்த எந்தக் கட்சியாலும் அரிசியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் ஓட்டுக் கேட்க முடியவில்லை. 2006இல் கிலோ 2 ரூபாய் என்றார் கருணாநிதி, போட்டார். 2008 செப்டம்பரில் 1 ரூபாய் ஆக்கினார். படி என்ற அளவை கடைகளிலிருந்து மறைந்தே போயிருந்தது. 2011 ஜூன் 1 முதல் குடும்பத்துக்கு 20 கிலோ விலையில்லாமல் போடத் தொடங்கியது ஜெயலலிதாவின் அரசு. 1967இல் முழக்கம் போட்ட கட்சியைத் தோற்கடித்து அதற்கு முந்தின மாதம்தான் அது ஆட்சிக்கு வந்திருந்தது.